வான்வழி கடந்த ஏமி ஜான்சன் அம்மையார்

உலக உருண்டையொன்றை மேசையின்மீது வைத்து, இலண்டன் மாநகரைக் குறிக்கும் புள்ளியில் ஒரு நூலின் நுனியை ஊன்றி, மறுநுனியை ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் துறைமுகத்தின்மேல் இறுக்கிப் பிடிப்போமாயின், அந்நூல் கிடக்கும் வழியே அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வான்வழியாம். அந்நூல் ரஷியா, சீனம் முதலிய தேசங்களின் மேலாகச் செல்வதைக் காண்போம். அதன் நீளம் ஏறக்குறைய 8,600 மைல். ஆயினும் நூல் செல்லும் வழியே மனிதரும் செல்லுதல் எக்காலத்தும் கூடுவதன்று. வழியில் எண்ணெய் வேண்டும். இறங்க நிலம் வேண்டும். இறங்குவோரை ஏற்றுக்கொள்ளும் மக்களும் வேண்டும். 1930-ஆம் ஆண்டில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே தன்னந்தனியராய்ப் பறந்து சென்ற ஏமி ஜான்சன் என்னும் ஆங்கில மாது கடந்த தூரம் ஏறக்குறைய 11,000 மைல். அதற்குச் சென்ற காலம் பத்தொன்பதரை நாள்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஆஸ்திரேலியாவின் மேல்கரையிலுள்ள பெர்த் நகருக்கும் இலண்டனுக்கும் இடையே வழியில் எங்கும் தங்காத விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. தூரம் 9,000 மைல். காலம் ஏறக்குறைய 17 மணி. உண்டும் உறங்கியும் அத்தூரத்தைக் கடந்துவிடுகின்ற இக்காலத்தில், பத்தொன்பதரை நாள் என்பதைக் கேட்போர் நகைக்கவுங் கூடும். அம்மையாருக்கே அக்கணக்கு உவப்பாயிருந்ததில்லை. தாம் முறியடிக்க எண்ணிய காலக்கணக்கு முறியடிபடாமற் போனமையால் அவர் பெரிதும் மனம் நொந்தார். அவர் நொந்தது தகுமா என்பதை அவர் வரலாற்றைச் சொல்லிப் பார்ப்பதே நாம் இங்கு மேற்கொண்ட முயற்சி.

ஏமி ஜான்சன் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள், இங்கிலாந்தின் கீழ்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் மீன் வாணிகர், நல்ல வசதியுடையவர். பெண்மக்கள் நால்வருள் ஏமியே மூத்தவர். ஷெபீல்டு சர்வகலாசாலையிற் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பயின்று 1925-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு இலண்டனுக்குச் சென்று ஒரு வக்கீலின் அலுவலகத்திற் காரியதரிசியாக அமர்ந்தார். இவ்வளவில் அவர் வாழ்க்கை அக்காலத்துப் படித்த பெண்கள் பலருடைய வாழ்க்கையினின்றும் வேறுபட்டதன்று.

1928-ஆம் ஆண்டில், வேலையற்ற ஒருநாள், அவர் ஸ்டாக் லேன் என்னும் விமானத் திடலுக்குப் பஸ்ஸேறிச் சென்றார். அங்கே சிறு விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாயிருந்ததைக் கண்டவுடன் அவர் உள்ளம் அவற்றோடு போயிற்று. அவ்வாண்டிலேயே விமானச் சங்கத்திற் சேர்ந்து பயிலத் தொடங்கினார். இங்கே ஒன்றை மறையாது கூறவேண்டும். பெரியோர் வரலாறு எழுதுவோர், அவர்கள் தொட்டிலிற் கிடந்தபோதே பிற்காலப் பெருமைக்குரிய அடையாளங்கள் தோன்றின என்று எழுதுவது வழக்கம். ஏமி அம்மையார் திறத்தில் அவ்வாறு எழுத இடமில்லை. அவர் விரைவிற் கற்றாரில்லை. தனியே பறக்க விடப்படுவதற்குமுன் அவருக்கு ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி வேண்டியிருந்தது. மற்றவர்க்கு இதினும் குறைந்த காலமே போதுமாயிருந்தது. விமானத்தைத் தரையில் இறக்குவது கடைசிவரை அவருக்கு எளிதாகக் கைவந்ததில்லை. இக்குறையைப் பின்வரும் பகுதியைப் படிக்கும்பொழுது மறவாமல் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1929 ஜூலையில் விமானம் ஓட்டும் லைசென்ஸ் பத்திரம் கிடைத்தது. பெரும்பாலோர் அத்துடன் நின்றுவிடுவர். அம்மையாரோ விமானக் கொட்டகைக்குட் புகுந்து, இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றவும் பூட்டவும் கற்கலானார். எண்ணெய்ப் பிசுக்கேறிய உடையோடு ஆண்கள் நடுவே நின்று வேலை செய்யும் பெண்ணைக் கண்டு முதலில் நகைத்தோரும் நாளடைவில் கற்றுக்கொடுக்க முன்வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் விமான இயந்திரங்களைப் பழுதுபார்த்துச் சான்று கூறும் தகுதியுரிமை அவருக்கு வழங்கப்பெற்றது. பிரிட்டனில் அத்தகுதியை முதன்முதற் பெற்ற பெண் இவரே. விமானத்தைச் செலுத்துவோர் பலர். அது வழியில் நின்றுவிட்டால் தம் கையாலேயே அதனை மீண்டும் எழுப்பத்தக்கவர் சிலர். அச்சிலருள் ஒருவராகாமல் அவர் ஆஸ்திரேலியாவை அடைந்திருக்க முடியாது என்பது எம் துணிபு.

தமிழ் மாணவராகிய எமக்கு இவ்விடத்தில் சீவகசிந்தாமணியின் விசயை நினைவுக்கு வருகிறாள். மயிற்பொறியேறி வான்வழியே தப்பிச் சென்ற அவ்வரசி, அப்பொறியை இயக்கும் முறையைக் கணவன் முன்னரே பயிற்றுவித்திருந்தமையால் உயிர்பிழைத்தாள் என்பது காவியம். காவியத்தரசிக்குப் பொறியை வலப்புறமும் இடப்புறமும் திருகுதல் போதுமாயிற்று. நம் அம்மையாருக்கு அவ்வளவு எளிதாக அமையவில்லை.

இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனித்துப் பறந்து வழிகாட்டியவர் பெர்ட் ஹிங்க்ளர் என்னும் ஆஸ்திரேலியர். 1928 பிப்ரவரியில் அவர் பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். அக்காலத்தைக் குறைத்துக் காட்டவேண்டுமென்பது ஏமியின் எண்ணம். பணத்திற்கு எங்கே போவது? பலரிடம் கேட்டார், பலர் மறுத்தனர். ஈற்றில் எண்ணெய் வாணிகத்திற் பெருஞ்செல்வரான வேக்பீல்டு பிரபு பாதிப் பொருள் உதவ, மீதியைத் தந்தையார் கொடுத்தார். 600 பவுன் விலையில், பிறர் கையில் இருந்து பழகிய ‘ஜிப்ஸி மாத்’ விமானமொன்று வாங்கப்பட்டது. பச்சை வண்ணம் பூசிய அச்சிறு விமானத்திற்கு ‘ஜாஸன்’ என்று பெயரிட்டார். அது பொன் ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பலேறிய கிரேக்க வீரனின் பெயர் என்று கற்றோர் எண்ணுவர். ஆனால் தந்தையாரின் மீன் வாணிக முத்திரையும் அதுவே.

அவ்விமானத்தில் கூரையில்லை, செய்தி அனுப்பவோ பெறவோ கருவியில்லை. மணிக்கு ஏறக்குறைய 85 மைல் செல்லும். அதிக எண்ணெய் கொள்ளுவதற்காகப் புதிதாகப் பொருத்திய தொட்டிகளினின்றும் எண்ணெயைப் பறந்துகொண்டே கையால் இறைத்து மேலேற்ற வேண்டும். அப்பொழுது எழும் ஆவி தலையைச் சுற்றச் செய்யும். மாற்று விசிறியொன்றைப் பக்கத்தில் கயிற்றாற் கட்டியிருந்தார். அன்றுவரை அவர் பறந்திருந்த நேரம் மொத்தம் நூறு மணிக்கும் குறைவு. கடல் கடந்து சென்றதேயில்லை. இலண்டனிலிருந்து பிறந்த ஊராகிய ஹல்லுக்குப் பறந்ததே அவர் பறந்த நெடுந்தூரம்.

மார்க்கத்தைத் தெரிந்தெடுத்ததில் அவர் துணிவு விளங்குகிறது. ஹிங்க்ளர் ரோமாபுரி, மால்டா, ஆப்பிரிக்காவின் வடகரை என்று சுற்றிச் சென்றவர். ஏமியோ தேசப்படத்தின்மேல் கோலை வைத்துக் கூடியமட்டும் நேராகக் கோடு இழுத்தார். அக்கோடு வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், கராச்சி என்று சென்றது. தூரம் குறைந்தது, ஆனால் படத்தில் மெல்லிய கோடாகத் தோன்றியவிடத்தில் தாரஸ் மலைத்தொடர் நின்றுகொண்டிருந்தது.

1930 மே மாதம் 5-ஆம் நாட் காலை, தந்தையாரும் சில நண்பரும் மாத்திரம் பார்த்துநிற்க, குரோய்டன் விமான நிலையத்தினின்று அவர் எழுந்தார். முதன்முறை ஓடியும் எண்ணெய்ப் பாரத்தால் விமானம் எழவில்லை. இரண்டாம் முறையே எழுந்தது. முதல்நாள் வியன்னா, மறுநாள் கான்ஸ்டாண்டிநோபிள். மூன்றாம் நாள் தாரஸ் மலை குறுக்கிட்டது. முகட்டின் மேலே செல்ல அவ்வெந்திரத்திற்கு ஆற்றல் போதாமையால் கணவாயினுள் நுழைந்தார். அங்கே மேகம் வந்து மூடிற்று. முன்னும் பின்னும் தெரியாத வெண்மையினின்றும் வெளிப்பட்டபொழுது பாறைச்சுவர் பக்கத்திலே நின்றது, மயிரிழையில் தப்பினார்.

அதற்கடுத்த நாள் பாலைநிலத்தின்மேற் செல்கையில் மணற்புயல் விமானத்தைப் பிடித்து ஆயிரக்கணக்கான அடி கீழே தள்ளிற்று. கண் தெரியாமலே தரையில் இறங்கினார். காற்று விமானத்தை உருட்டிக்கொண்டு போகாதபடி தம் மூட்டைகளைச் சக்கரத்திற்கு அண்டை கொடுத்து, இயந்திரத்தைத் துணியால் மூடி, கைத்துப்பாக்கியோடு வாலின்மேல் உட்கார்ந்திருந்தார். தொலைவில் நாய்கள் குரைக்கும் ஒலி கேட்டதாம். ஆட்சியர் மாளிகைகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் அப்பொழுது அவரைப்பற்றி நினைத்தோர் யாரும் இலர்.

இவ்வளவு நேர்ந்தும் ஆறாம் நாளாகிய மே 10-ஆம் நாள் அவர் கராச்சியை அடைந்துவிட்டார். ஹிங்க்ளருக்கு எட்டு நாள் பிடித்த இடம் அது. இரண்டு நாள் முந்திவிட்டார் என்ற செய்தி தந்தியிற் பறந்ததும், அதுவரை அவர் பெயரையும் கேளாதிருந்த உலகம் விழித்துக்கொண்டது. ஒரு தட்டெழுத்துப் பெண் ஆகாயத்திற் பறக்கிறாள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பெற்ற பட்டத்தையும் இயந்திரத் தகுதியையும் விட்டு, என்ன உடை கொண்டு சென்றார் என்று ஆராய்ந்த பத்திரிகைகளும் உண்டு. பெண்கள் எச்செயல் செய்யினும் உடையைப்பற்றியே முதலிற் பேசும் வழக்கம் இன்றும் முற்றும் ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்லத் துணியோம்.

பாரத நாட்டில் அவருடைய வழி கராச்சி, ஜான்ஸி, அலகாபாத், கல்கத்தா என்று அமைந்தது. இவற்றுள் ஜான்ஸி அவர் எண்ணாத இடம். எதிர்காற்றால் எண்ணெய் தீர்ந்துவிடவே, அங்கிருந்த படைவீடொன்றின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். திடல் சிறிது; விமானம் நிற்காமல் ஓடி இறக்கையை முறித்துக்கொண்டது. அவ்வூர்த் தச்சர் முறிந்த இடத்தைச் செப்பனிட்டார். மறுநாட் காலையிலேயே அம்மையார் புறப்பட்டுவிட்டார்.

மே 13-ஆம் நாள் இரங்கூன் நகரை நோக்கிச் சென்றபொழுது பெருமழை பிடித்துக்கொண்டது. அந்நகரின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்குவது ஏற்பாடு. மழையில் வழி தவறி, இன்சீன் என்னும் ஊரிலிருந்த பொறியியற் பள்ளியின் விளையாட்டுத் திடலைப் பந்தயத் திடலென்று மயங்கி அங்கே இறங்கினார். விமானம் ஓடிச் சென்று ஒரு பள்ளத்தில் தலைகுப்புற நின்றது. விசிறி உடைந்தது, சக்கரம் சிதைந்தது, இறக்கை கிழிந்தது. அதுவரை அழாத அம்மையார் அங்கே அழுதுவிட்டார்.

எரிகோவுக்குப் போகும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு நேர்ந்ததுபோல, இன்சீனிலே அவருக்கு நல்ல சமாரியர் வந்து வாய்த்தனர். அவர்கள் அப்பள்ளியின் ஆசிரியரும் மாணவருமே. விமானம் பழுதுபார்த்து அறியாத அவர்கள் இரவும் பகலும் உழைத்து உடைந்த உறுப்புகளைச் செய்துகொடுத்தனர். இறக்கைக்குப் போர்த்தும் துணி எங்கும் அகப்படவில்லை. முன்னே உலகப்போர்க் காலத்தில் மிஞ்சிய விமானத் துணியைச் சிலர் சட்டையாகத் தைத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அச்சட்டைகளைப் பிரித்து இறக்கைக்குப் போர்வையாக்கினர். துணியை விறைப்பாக்கும் பூச்சும் கிடைக்காமையால், இரங்கூனிலிருந்த மருந்து வல்லுநர் ஒருவர் அதனைக் காய்ச்சிக் கொடுத்தார். கட்டிக்கொண்டு வந்த மாற்று விசிறி அங்கே பயன்பட்டது. மே 16-ஆம் நாள் ‘ஜாஸன்’ மறுபடி எழுந்தது. ஆனால் ஹிங்க்ளரை முந்தி ஓடிய இரண்டு நாளும் இன்சீன் பள்ளத்தில் புதைந்துவிட்டன.

இங்கே நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 11,000 மைலை மணிக்கு 85 மைலாகப் பகுத்தால் 130 மணிக்குச் சற்றுக் குறையும். அஃதாவது ஐந்தரை நாளினும் குறைவு. எதிர்காற்றைக் கருதி இன்னும் சிறிது கூட்டினாலும், பத்தொன்பதரை நாளில் மிகப்பெரும் பகுதி அவர் தரையில் இருந்த காலம். அக்காலத்தில் ஓய்ந்திருந்தாரோ எனின், இல்லை. பகல் முழுதும் பறந்து இறங்கியபின், இரவில் தாமே இயந்திரத்தைத் துடைத்து, வடிகட்டி எண்ணெய் நிரப்பி, மூன்று மணி நேரம் உறங்கி, விடியுமுன் எழுவது அவர் வழக்கம். ஆகையால், பறக்கும் விரைவை மாத்திரம் கொண்டு இருநகர்க்கிடையுள்ள காலத்தை அளப்போர் அளவு பிழைபட்டதேயாம். இன்று 17 மணியில் கடப்பதற்கும், விமானத்தின் வேகம் ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று. வழியில் இறங்கவேண்டாமை மற்றொரு பெருங்காரணம். அம்மையார் பத்துக்கு மேற்பட்ட இடங்களில் இறங்கினார். இறங்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஆபத்து. முன்னே நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய குறை இதுவே.

பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர் என்று மலாய்க் கரையோரமாகச் சென்று ஜாவாத் தீவை அடைந்தார். அங்கே கரும்பாலையொன்றின் அருகே இறங்கியபொழுது மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்திற்கு ஒட்டும் மருந்துச்சீலையை ஒட்டி அதனைச் சரிப்படுத்திக்கொண்டார். மே 22-ஆம் நாள் சுரபாயாவிலிருந்து புறப்பட்டுத் திமோர்த் தீவை நோக்கிச் சென்றவரைப்பற்றி அன்றிரவு யாதொரு செய்தியும் இல்லை. கடலில் வீழ்ந்துவிட்டாரென்று உலகெங்கும் அஞ்சினர். அவரோ குறித்த இடமாகிய அதம்புவாவுக்குச் சில மைல் இப்பால், எறும்புப் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இருட்டுவதற்குள் இறங்கியிருந்தார். மொழி தெரியாத கிராமத்தார் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று தம்மூர்த் தேவாலயத்துக் குருவானவரிடம் சேர்த்தனர்.

எஞ்சியது திமோர்க் கடல். 500 மைல் நீர். நடுவழியில் நின்றிருந்த எண்ணெய்க் கப்பலொன்றைக் கண்டு ஆறுதலடைந்து, மே மாதம் 24-ஆம் நாட் பிற்பகல் டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ஹிங்க்ளரின் காலத்திற்கு நான்கு நாள் பிந்திவிட்டோமே என்ற வருத்தமும் அவருக்கு நிலைத்தது. எமக்கோ, அந்நான்கு நாளும் இன்சீன் மாணவருக்கும் மற்றோருக்கும் உரிய நாட்களாகவே தோன்றுகின்றன.

அதன்பின் வந்த புகழ் வெள்ளத்தை விரித்தெழுத வேண்டுவதில்லை. ஐந்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் இறங்குகையில் விமானம் எல்லையைத் தாண்டி ஓடிக் கவிழ்ந்ததும், ‘டெய்லி மெயில்’ பத்திரிகை 10,000 பவுன் வழங்கியதும், ஆகஸ்டில் குரோய்டனிலிருந்து இலண்டன்வரை சாலையின் இருமருங்கும் இலட்சக்கணக்கானோர் திரண்டதும், அவர்மேற் பாட்டுக் கட்டிப் பாடியதும் அக்காலத்தார் அறிந்தவை. அவருக்குக் கூட்டம் பிடிக்கவில்லை. பேசுமாறு இழுத்துச் செல்லப்பட்டுச் சோர்ந்தார். சிட்னி நகரக் குழந்தைகள் கொடுத்த பணத்தால் ஒரு பொற்கிண்ணம் செய்வித்து, ஆண்டுதோறும் தைரியச் செயல் புரியும் குழந்தைக்கு வழங்குமாறு ஹல் நகருக்கு அளித்தார். ‘ஜாஸன்’ இலண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச் சாலையிற் சேர்ந்தது.

1931-இல் ஜாக் ஹம்ப்ரீஸ் என்பாருடன் இலண்டனிலிருந்து மாஸ்கோவரை 1,760 மைலை ஒரே நாளிற் கடந்து, டோக்கியோ நகரை அடைந்தார். 1932-இல் ஜிம் மாலிசன் என்னும் விமானியை மணந்தார்; அவ்வாண்டு நவம்பரில் கேப் டவுனுக்குத் தனியே பறந்து, கணவர் வைத்திருந்த காலக்கணக்கையே முறியடித்தார். 1936-இல் அதே நகரை 3 நாள் 6 மணி 26 நிமிஷத்தில் அடைந்தார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை, 1938-இல் முடிந்தது. 1934-இல் இங்கிலாந்து மெல்போர்ன் பந்தயத்தில் கணவருடன் கலந்துகொண்டு அலகாபாத்தில் இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டார். அப்பந்தயத்தில் வென்றோர் மெல்போர்னை ஏறக்குறைய 71 மணியில் அடைந்தனர். அவ்வாண்டு மே மாதத்திலேயே ஜீன் பாட்டன் என்னும் நியூஸீலாந்து மாது, அம்மையாரின் காலத்தை நான்கு நாளுக்கு மேற் குறைத்துவிட்டிருந்தார். 1935-இல் குரோய்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குக் கட்டணம் செலுத்தியோர் செல்லும் விமானப் போக்குவரத்தும் தொடங்கிற்று. 12,754 மைல், பன்னிரண்டரை நாள். அவர் உயிரைப் பணயம் வைத்த வழியில் ஐந்தாண்டிற்குள் சீட்டு வாங்கிப் போகலாயிற்று.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பந்தயங்களும் நெடும்பயணங்களும் நின்றன. தொழிற்சாலைகளிலிருந்தும் நிலையங்களிலிருந்தும் விமானங்களை வேண்டிய இடத்திற்குக் கொண்டுசேர்க்கும் துணைப்படையில் 1940-இல் ஏமி அம்மையார் சேர்ந்தார். புகழுக்கிடமில்லாத வேலை; இன்ன விமானத்தை இன்ன இடத்திற் கொண்டுபோய் விடுக என்ற சீட்டு வரும்; அவ்வாறே செய்யவேண்டும்.

1941 ஜனவரி 5-ஆம் நாள் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, ‘ஆக்ஸ்போர்டு’ என்னும் வகை விமானமொன்றைப் பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்குக் கொண்டுசெல்வது. தூரம் ஏறக்குறைய 150 மைல். காலம் ஒரு மணிக்குச் சற்று மிகும். வானம் தாழ்ந்து மூடியிருந்தது. முற்பகலில் எழுந்தவர் நான்கு மணி நேரம்போல் ஆகாயத்தில் இருந்தார். எங்கே சென்றார், ஏன் இறங்கவில்லை என்பதற்குப் பலர் பலவாறு காரணம் கூறுவர். பிற்பகல் மூன்றரை மணியளவில், தம் வழியினின்றும் நூறு மைல் விலகி, தேம்ஸ் நதி கடலிற் கலக்கும் முகத்தில், பாராசூட்டுடன் பனிநீரில் வீழ்ந்தார். அருகே சென்ற ‘ஹேஸில்மியர்’ என்னும் கப்பலின் தலைவர் வால்டர் பிளெச்சர் அவரைக் காப்பாற்ற நீரிற் குதித்தார். குளிரால் அவரும் உயிர்துறந்தார். அம்மையாரின் உடல் அகப்படவேயில்லை. கைப்பையும் சில பொருள்களும் நீரில் மிதந்து கிடைத்தன. கல்லறை அறியப்படாத வான்படையினரின் பெயர்களைப் பொறித்து ரன்னிமீடில் எழுப்பிய நினைவுச்சுவரில் அவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது.